சென்னை 1992: ஓ1 ஆன்டிசீரத்தில் திரளாத காலரா – விப்ரியோ காலரே ஓ139 நிகழ்வு ஆய்வு

1992 அக்டோபரில் சென்னையில் வாந்திபேதியோடு வந்த நோயாளிகளின் மலத்தில் வளர்ந்த கிருமி, உயிர்வேதிச் சோதனைகள் எல்லாவற்றிலும் காலராக் கிருமியாகவே நடந்துகொண்டது. நோயும் காலராதான்: கழுநீர் போன்ற மலம், சில மணி நேரத்தில் உடல் வற்றிப்போவது, காய்ச்சல் இல்லாமை. ஆனால் ஸ்லைடில் ஓ1 ஆன்டிசீரத்தோடு (ஓ1 வகைக் காலராக் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் கொண்ட சீரம்) கலந்தபோது கிருமிகள் திரளவில்லை. அன்றைய விதிப்படி இது காலரா அல்ல. ‘ஓ1 அல்லாத விப்ரியோ’ என்று எழுதி ஒதுக்க வேண்டிய ஒன்று.

அந்த விதிக்கு அப்போது நல்ல ஆதாரம் இருந்தது. 1935இல் கார்ட்னரும் வெங்கட்ராமனும் விப்ரியோக்களை வெப்பம் தாங்கும் ஓ-ஆன்டிஜெனின் (எதிர்ப்பொருள் அடையாளம் காணும் மேற்பரப்புச் சர்க்கரைச் சங்கிலி) அடிப்படையில் பிரித்ததிலிருந்து, கொள்ளைநோயாகப் பரவிய காலரா ஏறத்தாழ அத்தனையும் ஓ1 குழுவைச் சேர்ந்தது. 1992 வரை அடையாளம் காணப்பட்ட 138 ஓ-குழுக்களில் (சீரோகுழுக்கள்) மற்ற 137உம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வயிற்றுப்போக்கு தந்தனவே தவிர, நாடு நாடாகப் பரவியதில்லை. அதனால் ஆய்வகங்களில் ஓ1 ஆன்டிசீரம் மட்டும் இருந்தால் போதும் என்ற பழக்கம் வேரூன்றியிருந்தது.

சென்னையை அடுத்து மதுரையிலும் வேலூரிலும் அதே கிருமி கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கொல்கத்தாவிலும் வங்கதேசத்தின் தென்கரையிலும் பரவி, 1993 ஜனவரியில் டாக்காவை எட்டியது. 1993இன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் வங்கதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இறந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். டோக்கியோவில் ஷிமாடாவின் குழு 138 ஆன்டிசீரங்களையும் போட்டுப் பார்த்தது. எதிலும் கிருமி திரளவில்லை. புதிய எண் கொடுக்கப்பட்டது: ஓ139. வங்காள விரிகுடாவின் கரையோரம் முதலில் கிடைத்ததால் ‘பெங்கால்’ என்ற துணைப்பெயரும் சேர்ந்தது.

கிருமிக்குள் பார்த்தால் புதிது என்று சொல்ல அதிகம் இல்லை. காலரா நச்சின் மரபணு இருந்தது, குடல் சுவரில் பற்ற உதவும் டிசிபி பைலஸ் என்ற மயிர்போன்ற நீட்சி இருந்தது, 1961இல் இந்தோனேசியாவின் சுலவேசியிலிருந்து கிளம்பிய ஏழாம் பெரும்பரவலின் எல் டோர் வகைக்குரிய அடையாளங்கள் அப்படியே இருந்தன. பாலிமிக்சின் பி என்ற ஆன்டிபயாட்டிக்கின் 50 யூனிட் வில்லையைச் சுற்றித் தடுப்பு வளையம் விழவில்லை. கோழியின் சிவப்பணுக்களைத் திரளவைத்தது. இரண்டும் எல் டோரின் குணம். மேற்பரப்பிலுள்ள லிப்போபாலிசாக்கரைடின் வெளிப்பகுதியும் அதோடு வந்த ஒரு கேப்சூலும்தான் (கிருமியைப் போர்த்தும் சர்க்கரை உறை) புதியவை. கூடுதலாக, சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றுக்கு எதிர்ப்புத் தரும் எஸ்எக்ஸ்டி என்ற நகரும் மரபுக்கூறும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நச்சு அதே, பைலஸ் அதே, வெளிச்சர்க்கரை மட்டும் வேறு. காலராவுக்கு எதிரான நோயெதிர்ப்பு எதைக் குறிவைக்கிறது என்ற பழைய கேள்விக்கு, எந்த ஆய்வகத்திலும் செய்ய முடியாத அளவில் இயற்கையே நடத்திக்காட்டிய சோதனை இது. இந்த நிகழ்வை எடுத்து ஆராய அதுவே காரணம்.

மேற்பரப்பில் என்ன இருக்கிறது

கிராம்-நெகட்டிவ் கிருமியின் வெளிச்சவ்வில் வெளிப்புற அடுக்கு முழுவதும் பெரும்பாலும் லிப்போபாலிசாக்கரைடுதான் (இனி எல்பிஎஸ்). அதற்கு மூன்று பகுதிகள். சவ்வில் புதைந்திருப்பது லிப்பிட் ஏ: இரண்டு குளுக்கோசமீன், அவற்றில் பாஸ்பேட், கொழுப்பு அமில வால்கள். அதன் மேல் கோர் என்ற சிறு சர்க்கரைத் தொகுதி. அதற்கும் மேல், வெளியே நீண்டிருக்கும் ஓ-ஆன்டிஜென் சங்கிலி.

எண்டோடாக்சின் என்று சொல்லப்படும் நச்சுத்தன்மை லிப்பிட் ஏ-யில் இருக்கிறது. டிஎல்ஆர்4, எம்டி2 என்ற புரத இணை அதை அடையாளம் கண்டு அழற்சியைக் கிளப்பும். ஆனால் காலராக் கிருமி குடலின் உட்குழிவிலேயே தங்கிவிடுவதால், ரத்தத்தில் எண்டோடாக்சின் ஏறி வரும் காய்ச்சலும் அதிர்ச்சியும் இந்த நோயில் முன்னணிக்கு வருவதில்லை. நீரிழப்புதான் ஆளைக் கொல்கிறது. எல் டோர் வகை தன் லிப்பிட் ஏ-யின் கொழுப்பு அமிலத்தில் கிளைசீனை ஒட்டிக்கொள்வதால் அதன் எதிர்மின்னேற்றம் குறைந்து, பாலிமிக்சின் பிடிப்பதில்லை. ஓ139இலும் பாலிமிக்சின் பிடிக்கவில்லை என்பது அடித்தளம் மாறவில்லை என்பதற்கு எளிய சான்று.

கோரில் ஒரு வேடிக்கை உண்டு. எல்பிஎஸ் இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாகக் கேடிஓ என்ற எட்டுக் கார்பன் அமிலச் சர்க்கரையைத் தயோபார்பிட்யூரிக் அமிலச் சோதனையால் தேடுவார்கள். காலராக் கிருமியில் அது பல ஆண்டுகள் நெகட்டிவ் என்றே வந்தது. ‘விப்ரியோவில் கேடிஓ இல்லை’ என்று நூல்களிலும் ஏறிவிட்டது. இருக்கிறது, ஒன்றே ஒன்று. ஆனால் அதன் 4ஆம் கார்பனில் பாஸ்பேட் உட்கார்ந்திருக்கிறது. சோதனையில் பெரயோடேட் 4, 5ஆம் கார்பன்களுக்கு இடையே வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு இரண்டிலும் ஹைட்ராக்சில் காலியாக இருக்க வேண்டும். பாஸ்பேட் மறித்துக்கொண்டால் நிறம் வராது. விப்ரியோ மாதிரியில் இந்தச் சோதனை நெகட்டிவ் என்றால் எல்பிஎஸ் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. இந்தக் கோரில் ஃபிரக்டோஸும் உண்டு. எல்பிஎஸ்களில் அரிதாகக் காணப்படும் சர்க்கரை அது. ஓ1, ஓ139 இரண்டிலும் கோர் ஏறத்தாழ ஒன்றே.

ஓ1இன் சங்கிலியும் ஒரு மெத்தில் தொகுதியும்

ஓ1இன் ஓ-ஆன்டிஜென் ஒரே சர்க்கரையால் ஆனது: பெரோசமீன். சுமார் 12 முதல் 18 பெரோசமீன்கள் ஆல்ஃபா-1,2 பிணைப்பில் கோத்திருக்கும். ஒவ்வொன்றின் அமினோ தொகுதியிலும் 3-டீஆக்சி-எல்-கிளிசரோ-டெட்ரோனிக் அமிலம் ஒட்டியிருக்கும்.

இதே பெரோசமீன் சங்கிலி, அமினோ தொகுதியில் டெட்ரோனிக் அமிலத்துக்குப் பதில் ஃபார்மைல் ஒட்டிய வடிவில் புரூசெல்லாவிலும் யெர்சினியா என்டெரோகோலிட்டிகா ஓ9இலும் இருக்கிறது. காலராத் தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் சீரம் புரூசெல்லா திரட்சிச் சோதனையில் பாசிட்டிவ் காட்டிய பழைய குழப்பங்களுக்கு இதுதான் காரணம். இந்த மூன்றுக்கும் இடையே குறைந்த டைட்டர் (சீரத்தில் உள்ள எதிர்ப்பொருளின் அளவு) வந்தால் நோயாளியின் தடுப்பூசி வரலாற்றையும் கேட்டுவிட்டுத்தான் முடிவு எழுத வேண்டும்.

ஓகாவா, இனாபா என்ற ஓ1இன் இரண்டு உட்பிரிவுகளுக்கும் (சீரோடைப்) உள்ள வேறுபாடு இன்னும் நுணுக்கமானது. ஓகாவாவில் சங்கிலியின் கடைசிப் பெரோசமீனின் 2ஆம் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதி இருக்கும். இனாபாவில் இருக்காது. அந்த மெத்திலை ஒட்டுவது டபிள்யூபிஇடி என்ற ஒரே மரபணுவின் நொதி. பழைய கட்டுரைகளில் ஆர்எஃப்பிடி என்று இருக்கும். மரபணுவில் எங்கே பழுது விழுந்தாலும் ஓகாவா இனாபாவாகிவிடும். பழுதான மரபணு தானாகச் சரியாவது அரிது என்பதால் எதிர்த்திசை மாற்றம் எளிதில் நடப்பதில்லை. ஒரே பரவலின் நடுவில் சீரோடைப் ஓகாவாவிலிருந்து இனாபாவுக்குத் தாவினால் புதிய கிருமி வந்துவிட்டது என்று உடனே பதற வேண்டியதில்லை. ஊர்மக்களிடம் ஓகாவா எதிர்ப்பொருள் பெருகிய பிறகு மெத்தில் இழந்தவை மேலோங்குவது எதிர்பார்க்கக்கூடியதே.

ஆன்டிஜென் காரணிகளாகச் சொன்னால் ஓகாவாவுக்கு ஏ, பி. இனாபாவுக்கு ஏ, சி. ஏ என்பது சங்கிலி முழுவதும் பொதுவான பகுதி. ஓகாவாவில் சி சிறிதளவு காணப்படலாம். அதனால்தான் ஒற்றைக் காரணி சீரத்தை முறையாக உறிஞ்சித் (வேண்டாத எதிர்ப்பொருள்களை மற்றக் கிருமிகளால் நீக்கி) தயாரிக்காவிட்டால் இரண்டிலும் மங்கலாகத் திரளும். மூன்றும் தெளிவாக இருப்பது ஹிகோஜிமா. இயற்கையில் அரிது, நிலையற்றது.

ஒரு மெத்தில் எப்படி இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருகிறது? ஓகாவாவுக்கு எதிரான ஓர் எதிர்ப்பொருளைச் சர்க்கரையோடு சேர்த்துப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் பார்த்தார்கள்; 2000இல் வெளியான அமைப்பு அது. எதிர்ப்பொருள் சங்கிலியின் நடுப்பகுதியைப் பற்றவில்லை. நுனிச் சர்க்கரையைத்தான் தன் குழிக்குள் வாங்கிக்கொள்கிறது. குழியின் அடியில் நீர்வெறுக்கும் சிறு பள்ளம். அதில் மெத்தில் பொருந்தி உட்காருகிறது. மெத்தில் இல்லையென்றால் அந்தப் பள்ளம் வெறுமையாக இருக்கும், பிடி தளர்ந்துவிடும். நீளமான சங்கிலியாக இருந்தாலும் எதிர்ப்பொருளுக்கு முக்கியம் கடைசிச் சர்க்கரையின் ஒரு மூலை.

ஓ139இன் அமைப்பு

ஓ139இல் பெரோசமீன் இல்லவே இல்லை. அதன் அலகில் ஆறு சர்க்கரைகள்: என்-அசிட்டைல் குளுக்கோசமீன், என்-அசிட்டைல் குவினோவோசமீன், காலக்டுரோனிக் அமிலம், 4,6-வளைய பாஸ்பேட் தாங்கிய காலக்டோஸ், இரண்டு கோலிடோஸ். கோலிடோஸ் என்பது 3,6-டைடீஆக்சி-எல்-காலக்டோஸ், ஈ. கோலை ஓ111, ஓ55 ஆகியவற்றின் எல்பிஎஸ்ஸிலும் இதுதான் கிளையாகத் தொங்கும். டைடீஆக்சி சர்க்கரைகள் பொதுவாகவே ஆன்டிஜென் தன்மையில் முன்நிற்பவை. சால்மொனெல்லாக் குழுக்களைப் பிரிக்கும் அபெக்வோஸ், டைவெலோஸ், பாரடோஸ் எல்லாம் இந்த வகையே.

எல்பிஎஸ்ஸில் இந்த ஆறு-சர்க்கரை அலகு ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதற்கு மேல் நீளவில்லை. அரை-ரஃப் என்று சொல்லும் நிலை (ஓ-சங்கிலியே இல்லாதது ரஃப்). அதே அலகு நூற்றுக்கணக்கில் கோத்துக் கேப்சூலாகவும் கிருமியைப் போர்த்தியிருக்கிறது. அந்தக் கேப்சூலுக்கு லிப்பிட் ஏ-யும் கோரும் கிடையாது. ஓ1இல் கேப்சூல் இல்லை. அதனால் ஓ139இன் ‘ஓ-ஆன்டிஜென்’ என்று ஆன்டிசீரம் பிடிப்பது உண்மையில் இரண்டு மூலக்கூறுகளை.

சால்மொனெல்லா டைஃபியில் பழகியவர்கள் இங்கே தவறான முடிவுக்குப் போக வாய்ப்புண்டு. டைஃபியில் வி-ஐ கேப்சூல் ஓ-ஆன்டிஜெனை மறைக்கும். அதனால் ஓ-சீரத்தில் திரளாவிட்டால் சலைனில் கரைத்துக் கொதிக்கும் நீரில் வைத்து வி-ஐயை நீக்கிவிட்டு மறுபடி பார்ப்பார்கள். ஓ139இல் கேப்சூலும் ஓ-அலகும் ஒரே ஆன்டிஜென் என்பதால் மறைப்பு என்ற சிக்கலே இல்லை. கொதிக்கவைக்கத் தேவையில்லை. கேப்சூல் வேறு விதத்தில் தொல்லை தருகிறது: சீரத்திலுள்ள காம்பிளிமென்ட் என்ற கிருமிகொல்லிப் புரதங்களின் தாக்குதலை அது தாங்கிக்கொள்கிறது. ஓ1இல் நோயெதிர்ப்பை அளக்கப் பயன்படும் விப்ரியோசைடல் சோதனையை (எதிர்ப்பொருளும் காம்பிளிமென்ட்டும் சேர்ந்து கிருமியைக் கொல்கின்றனவா என்று பார்ப்பது) அதே செய்முறையில் ஓ139இல் செய்தால், எதிர்ப்பொருள் இருந்தும் கிருமி சாகாமல் டைட்டர் பொய்யாகத் தாழ்ந்து காட்டும். கேப்சூல் குறைந்த திரிபைக் குறிக்கிருமியாக வைப்பது, காம்பிளிமென்ட் அளவை மாற்றி அமைப்பது போன்ற திருத்தங்கள் வேண்டும். ஓ139 டைட்டரையும் ஓ1 டைட்டரையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஜெல்லில் பார்ப்பது

இந்த அமைப்பு வேறுபாட்டைக் கண்ணால் காண எஸ்டிஎஸ்-பேஜ் (மூலக்கூறுகளை அளவுப்படி ஜெல்லில் பிரிக்கும் முறை) போதும். ஹிட்ச்காக்–பிரவுன் முறை இன்றைக்கும் வசதியானது. இரவு முழுக்க வளர்த்த கிருமிகளை, 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 1 அளவுக்கு 1.5 மி.லி. எடுத்து, சுழற்றி அடியில் படியவைத்து, 50 மைக்ரோலிட்டர் லைசிஸ் பஃபரில் கரைக்க வேண்டும் (2 சதவீத எஸ்டிஎஸ், 4 சதவீத மெர்காப்டோஎத்தனால், 10 சதவீத கிளிசரால், டிரிஸ் பிஹெச் 6.8, சிறிது புரோமோஃபீனால் புளூ). 100 டிகிரியில் 10 நிமிடம். ஆறிய பிறகு 10 மைக்ரோலிட்டர் பஃபரில் 25 மைக்ரோகிராம் புரோட்டினேஸ் கே சேர்த்து 60 டிகிரியில் ஒரு மணி நேரம். 14–15 சதவீத அக்ரிலமைடில் ஓட்டலாம்.

சாதாரணக் கூமாசி நீலம் எல்பிஎஸ்ஸைச் சாயமேற்றாது, அது புரதத்துக்கானது. சில்வர் சாயம் போட வேண்டும், அதுவும் பெரயோடிக் அமிலத்தால் சர்க்கரைகளை முதலில் ஆக்சிஜனேற்றம் செய்த பிறகு. 40 சதவீத எத்தனால், 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் இரவு முழுக்க நிலைநிறுத்தி, அதே கரைசலில் 0.7 சதவீத பெரயோடிக் அமிலம் 5 நிமிடம், பிறகு மூன்று முறை பதினைந்து பதினைந்து நிமிடம் தண்ணீரில் அலசல், அம்மோனியா சேர்த்த சில்வர் நைட்ரேட்டில் 10 நிமிடம், மீண்டும் அலசல், சிட்ரிக் அமிலமும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த டெவலப்பர். அலசலைக் குறைத்தால் பின்னணி முழுவதும் கறுத்து எதுவும் தெரியாது. பயன்படுத்திய அம்மோனியா-சில்வர் கரைசலை அன்றே அப்புறப்படுத்திவிட வேண்டும். காய்ந்தால் வெடிக்கும் படிவு உண்டாகும்.

ஓ1 தடத்தில் கீழே கோரின் பட்டை, அதற்கு மேலே சங்கிலி நீண்ட மூலக்கூறுகள் நெருக்கமான தொகுதியாகத் தெரியும். ஓ139 தடத்தில் அந்த மேற்பகுதி காலி. கோரும், அதைவிடச் சற்றே மெதுவாக ஓடிய பட்டையும் மட்டும். இதைப் பார்த்து ‘ரஃப் திரிபு’ என்று எழுதிவிடுவது எளிது. அதே ஜெல்லை மெம்பிரேனுக்கு மாற்றி ஓ139 ஆன்டிசீரத்தால் பார்த்தால் உச்சியில் அடர்ந்த ஒரு பூச்சு எழும். அது கேப்சூல். சில்வரில் தெரியாமல் ஆன்டிசீரத்தில் மட்டும் தெரிவதே, அதில் லிப்பிட் ஏ-யும் கோரும் இல்லை என்பதற்கான அறிகுறி. இரண்டு சோதனைகளில் ஒன்றை மட்டும் செய்தால் பாதிக் கிருமிதான் தெரியும்.

எல்பிஎஸ்ஸைப் பிரித்தெடுக்கும்போதும் இதே கவனம் தேவை. வெஸ்ட்ஃபால் முறையில் 65–68 டிகிரியில் 45 சதவீத ஃபீனாலோடு கலக்கி ஆறவைத்தால், சங்கிலி நீண்ட எல்பிஎஸ் நீர்ப்பகுதிக்குப் போகும். சங்கிலி குட்டையாக ஆக ஃபீனால் பகுதியில் தங்கும் பங்கு கூடும். அரை-ரஃப் மாதிரியில் நீர்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிட்டால் விளைச்சல் குறைந்ததோடு, கேப்சூலும் நியூக்ளிக் அமிலமும் கலந்த சரக்குதான் மிஞ்சும். இரண்டு பகுதிகளையும் டயாலிசிஸ் செய்து, ஆர்என்ஏஸ், டிஎன்ஏஸ், புரோட்டினேஸ் கே கொடுத்து, 1,05,000 ஜி வேகத்தில் சுழற்றினால் எல்பிஎஸ் அடியில் படியும். கேப்சூலின் பெரும்பகுதி மேலே நிற்கும்.

மாற்றம் நடந்த இடம்

ஓ1இல் ஓ-ஆன்டிஜெனைக் கட்டும் மரபணுக்கள் ஏறத்தாழ 22 கிலோபேஸ் (22 ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள்) நீளமான ஒரு தொகுதியாக, ஜிஎம்ஹெச்டி, ஆர்ஜேஜி என்ற இரண்டு மரபணுக்களுக்கு நடுவே இருக்கின்றன. ஓ139இல் அந்த 22 கிலோபேஸ் நீங்கி, அதே இடத்தில் வேறொரு 35 கிலோபேஸ் தொகுதி வந்து அமர்ந்திருக்கிறது. ஏதோ ஒரு புள்ளித் திடீர்மாற்றம் அல்ல, முழுப் பட்டறையே மாறியிருக்கிறது. புதிய தொகுதி கேப்சூல், ஓ-அலகு இரண்டையும் சேர்த்தே செய்கிறது. இரு பக்க எல்லைகளிலும் உள்ள டிஎன்ஏ எல்லா விப்ரியோ காலரேக்களிலும் ஒத்திருப்பதால், அந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு மறுசேர்க்கை நடந்திருக்க வேண்டும்.

கொடுத்தது யார்? வரிசைகளை ஒப்பிட்டபோது மிக நெருங்கி வந்தது ஓ22 குழு. நீர்நிலைகளில் வாழும், கொள்ளைநோய் தராத விப்ரியோ. ஓ22க்கும் ஓ155க்கும் ஓ139ஓடு பொதுவான ஆன்டிஜென் காரணிகள் இருப்பது சீரவியலிலும் முன்பே தெரிந்திருந்தது. கழிமுகங்களில் இறால், கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிர் போன்றவற்றின் கைட்டின் ஓட்டில் விப்ரியோக்கள் கூட்டமாக வாழ்கின்றன. கைட்டின் மேல் வளரும்போது அவை வெளியிலிருந்து டிஎன்ஏ உள்வாங்கும் நிலைக்குப் போகின்றன. இப்படி ஒரு மாற்றத்துக்கு உகந்த இடம் அது.

யாரைத் தாக்கியது, ஏன்

காலரா நிலைத்திருக்கும் வங்காளப் பகுதியில் நோய் பெரும்பாலும் சிறுவர்களைத்தான் பிடிக்கும். பெரியவர்களுக்கு முந்தைய தொற்றுகளால் காப்பு இருக்கும். 1993இல் மருத்துவமனைகளை நிரப்பியவர்கள் பெரியவர்கள். நச்சுக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்கள் உடலில் இருந்தது. ஓ139 சுரந்ததும் அதே நச்சுதான். ஆனாலும் காப்பு கிடைக்கவில்லை. அப்படியானால் அதுவரை அவர்களைக் காத்தது ஓ1இன் பெரோசமீன் சங்கிலிக்கு எதிரான எதிர்ப்பொருளே என்ற முடிவுக்குத்தான் வர முடியும்.

அது எப்படிக் காக்கிறது என்பதற்கும் ஒரு தடயம் எல்பிஎஸ்ஸிலேயே இருக்கிறது. காலராக் கிருமியின் கசையிழை, ஈ. கோலையினுடையதைப் போல் வெறுமையாக இல்லை; வெளிச்சவ்வின் நீட்சி ஒன்று அதை உறைபோல் மூடியிருக்கிறது. அந்த உறையிலும் ஓ-ஆன்டிஜென் உண்டு. குடல் சளியில் சுரக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருள் அதைப் பற்றினால் கிருமிகள் ஒன்றோடொன்று பிணைவதோடு நீந்தவும் முடியாமல் போகின்றன. நீந்தாத கிருமி சளியைத் துளைத்துக் குடல் சுவரை அடையாது. காம்பிளிமென்ட்டுக்கு வேலையில்லாத குடலில் இதுவே போதுமான தடுப்பு.

அன்று ‘எட்டாம் பெரும்பரவல்’ என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் 1994இலேயே ஓ1 எல் டோர் திரும்பி மேலோங்கியது. 1996இல் கொல்கத்தாவில் ஓ139 மறுபடி தலைகாட்டியபோது கோட்ரைமாக்சசோல் (சல்ஃபாமெத்தாக்சசோலும் டிரைமெத்தோபிரிமும் சேர்ந்த மருந்து) எதிர்ப்பை இழந்திருந்தது. 2002இல் டாக்காவில் இன்னொரு எழுச்சி. அதன் பின் அங்கொன்று இங்கொன்றாகக் குறைந்துவிட்டது.

தடுப்பு மருந்தில் எல்பிஎஸ்

ஓ139 வந்த பிறகு ஓ1 மட்டும் உள்ள வாய்வழித் தடுப்பு மருந்து போதாது என்றாகி, இரண்டையும் சேர்த்த மருந்துகள் உருவாயின. 2009இல் இந்தியாவில் உரிமம் பெற்ற ஷான்கால் அவற்றில் ஒன்று. அதன் 1.5 மி.லி. டோஸில் இருந்தவை: ஓ1 இனாபா எல் டோர் ஃபில் 6973, ஃபார்மலினால் கொல்லப்பட்டது, 600 எலைசா யூனிட், ஓ1 ஓகாவா கிளாசிகல் (எல் டோருக்கு முந்தைய வகை) கெய்ரோ 50, வெப்பத்தால் கொன்றது 300, ஃபார்மலினால் கொன்றது 300, ஓ1 இனாபா கிளாசிகல் கெய்ரோ 48, வெப்பத்தால் கொன்றது 300, ஓ139 4260பி, ஃபார்மலினால் கொன்றது 600. இந்த யூனிட் எல்லாம் எல்பிஎஸ்ஸின் அளவு என்பதைக் கவனிக்க வேண்டும். கிருமிகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் போதாது. ரஃப் ஆகிப்போன தொகுதி எண்ணிக்கையில் தேறிவிடும், காப்பில் தேறாது. வெப்பம் எல்பிஎஸ்ஸைக் கெடுப்பதில்லை. வெப்பத்தில் சிதையும் புரத ஆன்டிஜென்களைக் காப்பாற்றத்தான் ஃபார்மலின் வழியும் சேர்த்து வைக்கப்பட்டது.

கொல்கத்தாவில் 2006இல் தொடங்கிய பெரிய களச்சோதனையில் இரண்டு டோஸ் மருந்து ஐந்தாண்டுகளில் 65 சதவீதக் காப்புத் தந்தது. ஒன்று முதல் நான்கு வயது வரையான குழந்தைகளில் அது 42 சதவீதம்தான். டி-அணுக்களின் உதவியின்றி எழும் சர்க்கரை ஆன்டிஜென் எதிர்வினை சிறு குழந்தைகளில் வலுவாக அமையாதது இதற்கு ஒரு காரணம். ஓ139க்கு எதிரான காப்பை அந்தச் சோதனையில் அளக்கவே முடியவில்லை. அந்தக் காலத்தில் அங்கே ஓ139 நோயாளிகள் இல்லை.

2024இல் வெளிவந்த ஹில்கால், ஒரே ஒரு ஓ1 ஹிகோஜிமா கிருமியைக் கொண்டது. நொதி குறைவாக வேலை செய்வதால் சில சங்கிலிகளின் நுனியில் மெத்தில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஓகாவா, இனாபா இரண்டுமே ஒரு கிருமியில் கிடைத்துவிடுகின்றன. தயாரிப்பு மலிவாகிறது. ஓ139 அதில் இல்லை. இன்றைய நோய்ப்பரவலைப் பார்த்தால் இது நியாயமான முடிவுதான். ஆனால் ஓ139 திரும்பினால் இந்த மருந்து கைகொடுக்காது.

ஆய்வகத்தில்

மாதிரி தொலைவிலிருந்து வந்தால், அதை எடுத்துவர விஆர் திரவம் இன்றும் நம்பகமானது: கடலுப்பு 20 கிராம், பெப்டோன் 5 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், பிஹெச் 8.6–8.8. பெருக்கத்துக்கு அல்கலைன் பெப்டோன் நீரில் 37 டிகிரியில் 6–8 மணி நேரம், மேல்மட்டத்திலிருந்து எடுத்து, விப்ரியோவைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் டிசிபிஎஸ் அகாரில் தீட்ட வேண்டும். அதற்கு மேல் நேரம் போனால் மற்ற கிருமிகள் முந்திவிடும்.

டிசிபிஎஸ்ஸில் வளர்ந்த கூட்டத்தை நேராக ஆன்டிசீரத்தில் போடக் கூடாது. பிசுபிசுப்பால் கரைசல் சீராக வராது, பொய்த் திரட்சியும் வரும். தேர்வுத்தன்மை இல்லாத நியூட்ரியன்ட் அகாரில் மறுபடி வளர்த்து, முதலில் சலைனில் (உப்புநீர்) மட்டும் கரைத்துப் பார்க்க வேண்டும். சலைனிலேயே திரண்டால் அது ரஃப். அதற்கு எந்தச் சீரமும் பதில் சொல்லாது. சலைன் சரியாக இருந்தால் ஓ1 பாலிவேலன்ட் சீரம் (ஓகாவா, இனாபா இரண்டையும் பிடிப்பது), அது நெகட்டிவ் என்றால் ஓ139 சீரம். முப்பது வினாடி முதல் ஒரு நிமிடத்துக்குள் தெளிவாகத் திரள வேண்டும். தாமதமாக, மங்கலாக வருவதைப் பாசிட்டிவ் என்று எழுதக் கூடாது. ஓ139 சீரம் ஓ22, ஓ155 கிருமிகளால் உறிஞ்சப்பட்டதா என்று புட்டியில் பார்த்துக்கொள்வது அவசியம். உறிஞ்சாத சீரம் குளத்து நீரிலிருந்து எடுத்த அப்பாவி விப்ரியோவையும் ஓ139 ஆக்கிவிடும்.

கிரிஸ்டல் விசி போன்ற டிப்ஸ்டிக்குகளும் எல்பிஎஸ்ஸைத்தான் தேடுகின்றன: தங்கத் துகளில் ஒட்டிய மோனோகுளோனல் எதிர்ப்பொருள், ஓ1க்கு ஒரு கோடு, ஓ139க்கு ஒரு கோடு. மலத்தில் நேரடியாக வைத்தால் பொய்ப் பாசிட்டிவ் கூடுதல். பெப்டோன் நீரில் ஆறு மணி நேரம் பெருக்கிய பிறகு வைத்தால் தனித்தன்மை உயர்கிறது. ஓ139 கோடு மட்டும் மங்கலாக வந்தால், கல்ச்சரில் உறுதியாகும் வரை அதைப் பொய் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு சீரத்திலும் திரளாத, ஆனால் கழுநீர் மலத்திலிருந்து வந்த விப்ரியோவுக்கு பிசிஆர் செய்ய வேண்டும். 1998இல் வெளியான மும்முனை பிசிஆரில் ஓ1 தொகுதிக்கு 192, ஓ139க்கு 449, நச்சு மரபணு சிடிஎக்ஸ்-ஏக்கு 308 பேஸ் நீளப் பட்டைகள் வரும். 308 மட்டும் தனியாக வந்தால் இரண்டு சாத்தியங்கள்: ஓ-தொகுதியை இழந்த ரஃப் திரிபு, அல்லது நச்சுள்ள வேறு சீரோகுழு. சலைன் சோதனை அவற்றைப் பிரித்துக் காட்டும். இரண்டாவதாக இருந்து, ஒரே வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகளிடம், அதிலும் பெரியவர்களிடம் கிடைத்தால், கிருமியை நியூட்ரியன்ட் அகார் சரிவில் ஏற்றி அன்றே மேலாய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். குளிர்பெட்டி வேண்டாம், அறை வெப்பநிலையே சரி; விப்ரியோவுக்குக் குளிர் ஆகாது.